பழைய ராக் அண்ட் ரோல் பாட்டை கவர் பண்றோம், கனமா இருக்கு ஆனா ஆட்டம் வரல

நாலுதந்தி:
நாங்க நாலு பேர் பேண்ட். பட்டி ஹோலி 1957ல தன்னோட பேண்ட் கிரிக்கெட்ஸோட பண்ண 'நாட் ஃபேட் அவே' ரெக்கார்ட் பண்ணிட்டு இருக்கோம். கிளிக் ட்ராக் (காதுல டிக் டிக்னு ஒரே வேகத்துல ஓடுற தாளம்) வச்சு முதல்ல ட்ரம்ஸ், அது மேல பேஸ், அப்புறம் டிஸ்டார்ஷன் (சத்தத்தைக் கரகரன்னு தடிமனாக்குற எஃபெக்ட்) போட்ட ரெண்டு கிட்டார், கடைசில வோக்கல்னு தனித்தனியா எடுத்தோம். ஒவ்வொண்ணையும் தனியா கேட்டா சுத்தமா இருக்கு, சேர்த்துக் கேட்டா பாட்டு சுவர் மாதிரி நிக்குது, கால் தாளமே போட மாட்டேங்குது. ஒரிஜினலை அப்படியே வாசிக்கலாம்னு கிட்டாரிஸ்ட் சொல்றார், எனக்கு அதுல மனசு இல்ல. எங்க தப்பு?

பழையரெக்கார்டு:
ப்ரோ அந்த ஒரிஜினலை ஹெட்ஃபோன்ல ஒரு தடவை கேளுங்க, அதுல முழு ட்ரம் செட்டே கிடையாது. கிரிக்கெட்ஸ் ட்ரம்மர் ஜெர்ரி ஆலிசன் அட்டைப்பெட்டியத் தட்டிருக்கார். போ டிட்லிங்கிற பாடகர் பேர்ல சொல்ற பீட் அது, மூணு அடி, கொஞ்சம் இடைவெளி, அப்புறம் ரெண்டு அடி. பாட்டோட உயிரே அந்த இடைவெளிலதான் இருக்கு, உங்க டிஸ்டார்ஷன் இழுத்துட்டே போய் அதை மூடிருதுன்னு நினைக்கிறேன். ரோலிங் ஸ்டோன்ஸ் 1964ல இதே பாட்டைப் பண்ணாங்க. கீத் ரிச்சர்ட்ஸ் அக்கூஸ்டிக்ல அடிச்ச அடி, கூடவே மராக்காஸ் (கையில பிடிச்சு குலுக்குற கிலுகிலுப்பை), பிரையன் ஜோன்ஸ் மவுத் ஆர்கன், ரெண்டு நிமிஷம்கூட ஓடாது, பிரிட்டன்ல 3ஆவது இடம் வரைக்கும் போச்சு. ஹோலி அடக்கி வாசிச்ச அந்த பீட்டை அவங்க முன்னாடி தூக்கி வச்சாங்க, அவ்ளோதான். காப்பியும் இல்ல, பாட்டையும் விட்டுடல. நீங்களும் ஒரு விஷயத்தை மட்டும் எடுத்து முன்னாடி வைங்க.

டிரம்குச்சி:
கிளிக்கை நிறுத்துங்க. 50கள்ல ட்ரம்மர் நிறைய பேர் ஸ்விங்லயும் ஷஃபிள்லயும் (அடிகளைச் சமமா விடாம நீளமும் குட்டையுமா மாத்தி அடிக்கிற தாளங்கள்) வளர்ந்தவங்க, அதனால சக் பெர்ரி ரெக்கார்டு சிலதுல கிட்டார் நேரா போகும் ட்ரம்ஸ் லேசா ஊஞ்சலாடும், ரெண்டும் உரசிக்கிற அந்த இடம்தான் ஆட வைக்குது. எல்லா அடியையும் கம்ப்யூட்டர்ல தாளக் கோட்டுக்கு (கிரிட்) நேரா இழுத்து ஒட்ட வச்சா அந்த உரசல் போயிரும், எங்க பேண்ட்லயும் இதே தப்பைப் பண்ணி மூணு மாசம் வீணாச்சு.

மைக்முன்னாடி:
நான் பாடுறவ, அதனால இது. வோக்கலை கடைசில தனியா எடுக்காதீங்க. பாடுறவங்க மூச்சு எடுக்குற இடத்துக்குதான் பேண்ட் பதில் சொல்லணும். ஐஸ்லி பிரதர்ஸ் 1962ல ஹிட் ஆக்குன 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்'டை பீட்டில்ஸ் 1963 பிப்ரவரி 11 அன்னைக்கு, நாள் பூரா ரெக்கார்டிங் முடிச்சிட்டு ராத்திரி கடைசியா எடுத்தாங்க. லெனனுக்கு ஜலதோஷம், தொண்டை போயிரும்னு தெரிஞ்சே அதைக் கடைசிக்கு ஒதுக்குனாங்க. எல்லாரும் ஒண்ணா வாசிச்ச முதல் டேக்தான் ஆல்பத்துல இருக்கு, ரெண்டாவது ட்ரை பண்ணப்ப குரல் இல்ல. அந்தக் கிழிஞ்ச குரலை வேற எப்படி எடுத்தாலும் கிடைச்சிருக்காது.

நாலுதந்தி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ஒரே ரூம்ல வட்டமா நின்னு, கிளிக் இல்லாம, ரெண்டு கிட்டார்ல ஒண்ணை விட்டுட்டு வாசிச்சோம். ட்ரம்மர் பளிச்சுனு கேக்குற ஸ்னேர் ட்ரம்மை விட்டுட்டு, தரையில நிக்கிற கனமான ஃப்ளோர் டாம்ல மட்டும் அந்த மூணும் ரெண்டும் அடிச்சார், பேஸ்ல நானும் அந்த இடைவெளில கையைத் தூக்கிட்டேன். நாலாவது டேக். கடைசில டெம்போ ஏறிருச்சு, வோக்கல் மைக்ல ட்ரம்ஸ் கசியுது, ஆனா திருப்பிப் போட்டப்ப நாலு பேர் காலும் ஆடுச்சு. கசிவை அப்படியே விட்டு மிக்ஸ் பண்ணப் போறோம்.