மொரிஸ் மைனருக்குள் எஞ்சினைத் திரும்ப இறக்கிய நான்கு சனிக்கிழமைகள்

கொக்குவிலிலிருந்து:

எஞ்சினைக் கழற்றி எடுக்க எங்களுக்கு ஒரு முற்பகல் போதுமாக இருந்தது. அதே எஞ்சினைத் திரும்ப வைத்துக் காரை வீதியில் ஏற்றுவதற்கு நான்கு சனிக்கிழமைகள் சென்றன. கழற்றுகிறபோது எந்த நட்டு எங்கே இருந்தது என்பது ஒருபோதும் மறக்காது என்று தோன்றும். எட்டு மாதம் கழித்து ஒரு பால்மாப் பேணிக்குள்ளிருந்து அவற்றைக் கொட்டிப் பார்க்கும்போது பாதி நட்டுகள் வேறு யாருடைய காருக்கோ உரியவை போல இருக்கும்.

கார் 1959-ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000. அப்பப்பா வாங்கியது. 948 சிசி எஞ்சின். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடுக்கப்பட்டிருந்த காலத்தில் இது மண்ணெண்ணெயில் ஓடியது. சிறிய மருந்துப் போத்தலில் பக்குவமாக வைத்திருந்த பெற்றோலைக் கார்புரேற்றரின் வாய்க்குள் பீச்சி ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். முழுவதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் இருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கியதன் விளைவை, எஞ்சினின் சிலிண்டர்த் தலையைக் கழற்றிய அன்றே கண்டோம்: ஒவ்வொரு சிலிண்டரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே, விரலை ஓட்டினால் நகம் இடறும் அளவுக்கு ஒரு படி விழுந்திருந்தது.

எஞ்சினைப் புதுப்பித்தது பற்றி நீளமாக எழுதப் போவதில்லை. அதில் என் பங்கு பெரும்பாலும் பணம் கொடுத்தது மட்டுமே. கடைச்சல் பட்டறையில் சிலிண்டர்களை அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெருப்பித்து, பிஸ்ரன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் அரைத்துக் கொடுத்தார்கள். பிஸ்ரன், வளையங்கள், பெயரிங் ஓடுகள் யாவும் கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஏறி இறங்கி வாங்கியவை. போக்குவரத்துச் சபை டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற என் மாமா பூட்டித் தந்தார். அதன் பிறகு வீட்டுக் கொட்டிலில் நடந்தவைதான் எழுதத் தக்கவை.

மைனரின் முன்பக்கத்தைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எஞ்சினின் இரு புறமும் ஆள் நின்று வேலை செய்யலாம் போன்ற இடம் இருக்கும். அலெக் இசிகோனிஸ் இந்தக் காரை வரைந்தபோது சிலிண்டர்கள் படுக்கையாக இருக்கும் அகலமான எஞ்சின் ஒன்றை மனத்தில் வைத்திருந்தார். அந்த எஞ்சின் வரவில்லை, இடம் மட்டும் எங்களுக்கு மிஞ்சியது. ஆகவே எஞ்சினை மேலிருந்து இறக்குவதில் பெரிய சிரமம் இராது என்று நினைத்தேன். கொட்டிலின் பனந் தீராந்தியில் பாரம் தூக்கும் செயின் புளொக்கைத் தொங்க விடுவதற்கு முன்னர், தீராந்தியின் நடுவில் இரண்டு முட்டுக் கால்கள் கொடுக்கும்படி மாமா சொன்னார். "ஓட்டைத் தாங்கிறது வேற, ஆடுற பாரத்தைத் தாங்கிறது வேற, தம்பி" என்றார். கால்களைக் கொடுத்த பிறகும், எஞ்சின் தரையை விட்டு எழுந்தபோது தீராந்தி ஒரு முறை முனகியது. அதன் கீழே கையை நீட்டுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கியர்பொக்ஸைக் காரிலேயே விட்டிருந்தோம். அதன் பின்பக்க இறப்பர் தாங்கிகள் ஊறிப்போய் இருந்ததால், அவற்றை மாற்றுவதற்காகக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தை மட்டும் முன்னரே இறக்கித் திரும்பப் பூட்டியிருந்தேன். இதை நினைவில் வைத்திருங்கள், பின்னர் தேவைப்படும்.

கியர்பொக்ஸிலிருந்து முன்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் தண்டு, கிளச் தட்டின் நடுத்துளைக்குள் புகுந்து, அதற்கும் அப்பால் கிராங்கின் முனையிலுள்ள சிறிய வெண்கல வளையத்துக்குள் போய் அமர வேண்டும். தட்டு மயிரிழை விலகி இருந்தாலும் தண்டு உள்ளே போகாது. தட்டை நடுவில் நிறுத்துவதற்கு மாமா பூவரசங் கட்டை ஒன்றைப் பட்டறையில் கொடுத்து இரண்டு படியாகக் கடைந்து எடுப்பித்தார்: நுனி வெண்கல வளையத்துக்குரிய பருமன், அடுத்த படி தட்டின் துளைக்குரிய பருமன். அந்தக் கட்டையைச் செருகிக்கொண்டு கிளச் தட்டை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் போல்ட்களைச் சுற்றி வர, ஒவ்வொன்றையும் அரைச் சுற்று அரைச் சுற்றாக இறுக்கிய பின், கட்டையை உருவினால் தடையில்லாமல் வர வேண்டும். வந்தது.

முதலாம் சனிக்கிழமை முழுவதும் ஓர் அங்குல இடைவெளியில் கழிந்தது. எஞ்சின் கியர்பொக்ஸை நோக்கிச் சென்று, கடைசி அங்குலத்தில் நின்றுவிட்டது. போல்ட்களை மாட்டி இழுத்தால் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தோன்றியது. மாமா என் கையிலிருந்து ஸ்பானரை வாங்கித் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அப்படி இழுத்தால் நூறு கிலோவுக்கு மேற்பட்ட எஞ்சினின் பாரம் தண்டில் தொங்கி, கிளச் தட்டின் நடுப்பகுதி வளைந்துவிடும். பிறகு கிளச் ஒருபோதும் முழுமையாக விடாது. கியர்பொக்ஸின் கீழே வைத்த ஜக்கை ஒரு விரற்கடை உயர்த்தி, இரண்டு முகங்களுக்கும் நடுவே மேலும் கீழும் இடைவெளி ஒரே அளவாக இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்து, காரை நாலாம் கியரில் போட்டு, நான் முன்னால் கைப்பிடியைக் கொண்டு கிராங்கை மெல்ல அசைக்க, மாமா எஞ்சினைத் தொடையால் தள்ளினார். மறுநாள் காலை பத்து மணிக்கு, "டொக்" என்ற ஒரு சத்தத்தோடு அது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

இரண்டாம் சனிக்கிழமை வால்வு இடைவெளிக்கும் ஒயிலுக்கும் போனது. இந்த எஞ்சினின் எட்டு வால்வுகளுக்கும் மாமா சொல்லித் தந்த கணக்கு ஒன்பது. எட்டாவது வால்வு முழுவதும் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரி செய்ய வேண்டும். ஆறாவது திறந்து நின்றால் மூன்றாவது. எப்போதும் கூட்டினால் ஒன்பது வரும். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் இடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு. அளவுத் தகடு சும்மா நுழையக் கூடாது. வெண்ணெய் தடவிய கத்தியை இழுப்பது போல ஒரு பிடி கையில் தெரிய வேண்டும். அதன் பின் பிளக்குகளைக் கழற்றி வைத்துவிட்டு, தற்காலிகமாக மாட்டிய அமுக்கமானியின் முள் எழும்பும் வரை கைப்பிடியால் சுற்றினோம். புதிய பெயரிங்குகள் ஒயில் இல்லாமல் ஒரு நொடி கூடச் சுழலக் கூடாது என்பதற்காகவே இந்தப் பாடு. தோள் கழன்றுவிடும் போல இருந்தது. ஆனால் ஸ்ரார்ட்டர் மோட்டாருக்கு இதுவரை வேலையே கொடுக்கவில்லை என்பதையும், கொடுத்திருந்தால் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும் என்பதையும் அப்போது நான் உணரவில்லை.

மூன்றாம் சனிக்கிழமை, அம்மா விளக்கேற்றி, தேசிக்காய் நான்கையும் சில்லுகளுக்கு அடியில் வைத்தார். நான் ஸ்ரார்ட்டர் குமிழை இழுத்தேன். எஞ்சின் நோயாளி புரண்டு படுப்பது போல அரைச் சுற்றுச் சுற்றி நின்றது. பற்றரி புதியது, ஆகவே மீண்டும் இழுத்தேன். மூன்றாம் முறை இழுத்தபோது டாஷ்போர்டின் கீழிருந்து வெள்ளைப் புகை வந்தது. எஞ்சின் குளிர்ந்திருக்கையில் ஸ்ரார்ட் செய்ய இழுக்கும் சோக் கம்பியின் உறை கறுத்து, உருகி, என் முழங்காலில் ஒரு துளி விழுந்தது. அந்த வடு இன்றும் இருக்கிறது. அப்பா பற்றரியின் வயரைப் பிடுங்கி எறியாவிட்டால் தீப்பற்றியிருக்கும்.

காரணம், பால்மாப் பேணியின் அடியில் கிடந்தது: ஒரு சாண் நீளமுள்ள பின்னல் செம்புப் பட்டி. எஞ்சினும் கியர்பொக்ஸும் இறப்பர் தாங்கிகளில் அமர்ந்திருப்பதால் அவற்றுக்கும் காரின் உடலுக்கும் இடையே மின் தொடர்பு கிடையாது. அந்தப் பட்டி ஒன்றே தொடர்பு. குறுக்குச் சட்டத்தை இறக்கியபோது கழற்றி, திரும்பப் பூட்டும்போது விட்டுவிட்டேன். ஸ்ரார்ட்டர் மோட்டார் இழுக்கும் அத்தனை மின்னோட்டமும் பற்றரிக்குத் திரும்பிச் செல்ல வேறு வழி இல்லாமல், எஞ்சினையும் உடலையும் தொட்டுக்கொண்டிருந்த மெல்லிய சோக் கம்பி வழியே போயிருக்கிறது. இரண்டு போல்ட், பூட்ட ஐந்து நிமிடம் கூட ஆகாது. (இந்தக் காரில் பற்றரியின் நேர் முனைதான் உடலோடு சேரும். அதுதான் பிழை என்று அயலில் உள்ள ஒரு பையன் பற்றரியைத் திருப்பி மாட்ட முனைந்து, அதையும் தடுக்க வேண்டியிருந்தது.)

நான்காம் சனிக்கிழமை, சைக்கிள் பிரேக் கம்பியால் செய்த புதிய சோக் கம்பியோடு, இரண்டாவது இழுப்பில் எஞ்சின் பிடித்தது. ஒயில் அமுக்கமானி சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தலைக் காட்டியது. வெளிப்போக்கிக் குழாயில் பூசிய வண்ணம் எரிந்து கொட்டில் முழுவதும் புகை மூடியது. அம்மா மட்டும் மறுபடியும் தீ என்று நினைத்து வாளியோடு வந்தார்.

கோயம்புத்தூரிலிருந்து:

கொக்குவில் நண்பரின் அனுபவத்தைப் படித்தபோது என் முழங்காலும் கூசியது. என்னுடையது 1978-ஆம் ஆண்டு அம்பாசிடர். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்த கார் என்றாலும், அதன் 1489 சிசி எஞ்சின் மொரிஸ் ஆக்ஸ்போர்டிலிருந்து வந்தது. உங்கள் எஞ்சினின் பெரிய அண்ணன் என்றே சொல்லலாம். வீட்டு வேப்பமரக் கிளையில் செயின் பிளாக் கட்டி, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே சாய்வாக இறக்கினோம். ஆகவே உங்கள் கடைசி அங்குலத் தொல்லை எனக்கு வரவில்லை. வேறொன்று வந்தது.

பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் சிறு தண்டு ஒன்று, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டின் பல்லோடு சேர்ந்து ஓடுகிறது. அதன் தலையில் உள்ள வெட்டு நட்டநடுவில் இராமல் ஒரு பக்கம் ஒதுங்கி இருப்பதால், டிஸ்ட்ரிபியூட்டர் ஒரே ஒரு நிலையில்தான் அமரும். இதைத் தவறே நேராதபடி செய்த ஏற்பாடு என்று நம்பியதுதான் என் தவறு. டிஸ்ட்ரிபியூட்டரைத் தப்பாக வைக்க முடியாது; ஆனால் தண்டையே அரைச் சுற்றுத் தள்ளி வைத்துவிட முடியும். முதலாவது பிஸ்டன் மேலே வந்திருப்பதை மட்டும் பார்த்துத் தண்டை இறக்கினேன். நான்காவது பிஸ்டனும் அதே நேரத்தில் மேலேதான் இருக்கும் என்பதையும், இரண்டில் எது அழுத்தத்தின் முடிவில் நிற்கிறது என்று பிளக் துளையில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்பதையும் அவசரத்தில் மறந்தேன்.

சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டரின் வாயிலிருந்து தீபாவளி அணுகுண்டு போல ஒரு சத்தமும் அரை அடி நீளத்துக்குத் தீயும் வந்தன. ஏர் கிளீனரை மாட்டாமல் விட்டிருந்தேன். என் மனைவி ஈரச் சாக்கைத் தூக்கி அதன் மேல் போட்டார், சாக்கை அவர் எதற்காக நனைத்து வைத்திருந்தார் என்று கேட்டதற்கு, "உங்களைத் தெரியாதா?" என்றார்.

பிளக் வயர்களை இடம் மாற்றிச் செருகினாலும் வண்டி ஓடும் என்று தெருமுனை மெக்கானிக் சொன்னார். ஓடும்தான், ஆனால் பத்து ஆண்டு கழித்து வேறொருவர் புத்தகத்தைப் பார்த்து வயர்களைச் 'சரி' செய்வார், அன்று அவருக்கும் ஈரச் சாக்கு தேவைப்படும். எனவே மறுபடியும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, தண்டின் மேல்முனையில் இதற்கென்றே மரை வெட்டப்பட்ட துளையில் 5/16 அங்குல போல்ட் ஒன்றைத் திருகி, அதைப் பிடியாகக் கொண்டு தண்டை வெளியே இழுத்து, முறைப்படி வைத்தேன். தண்டு இறங்கும்போது பல்லின் சாய்வினால் இடப்புறமாகத் திரும்பிக்கொண்டே இறங்கும். அந்தத் திருப்பத்தைக் கணக்கில் கொண்டு முன்கூட்டியே சற்று விலக்கிப் பிடிக்க வேண்டும். ஏழு முறை முயன்றேன்.

ரொறன்ரோவிலிருந்து:

தம்பி, மண்ணெண்ணெய் பற்றி நீங்கள் எழுதியது சரி. ஆனால் அந்தக் காலத்தில் கார் வைத்திருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் கார்களில் ஒயில் குறையவே குறையாது. காலையில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தால், ஊற்றிய அளவை விடக் கூடுதலாக இருக்கும். முதல் மாதம் அதைக் கண்டு நான் மகிழ்ந்திருக்கிறேன். பிறகுதான் கம்பியை மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்தேன்: எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலந்திருந்தது.

1993-இல் என் ஒஸ்ரின் ஏ40 காரின் எஞ்சினை நானும் அண்ணையும் வீட்டு முற்றத்தில் புதுப்பித்து வைத்தோம். புதிய வளையங்கள் சிலிண்டரோடு படிந்து வரும் முதல் ஓட்டத்தையாவது மண்ணெண்ணெயில் ஓட்டக் கூடாது என்று அண்ணை பிடிவாதமாக நின்றார். அதற்காக நாங்கள் ஐந்து மாதமாகச் சேர்த்தது இரண்டு போத்தல் பெற்றோல். சேமித்த போத்தல்களை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்திருந்தோம். அந்த வருடம் எங்கள் வீட்டுச் சோற்றில் எப்போதும் ஒரு மணம் இருந்ததாக அக்கா இன்றும் சொல்வார்.

எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்தது. தாங்கியை நிரப்பப் பெற்றோல் இல்லாததால், அண்ணை ஒரு போத்தலை ஆஸ்பத்திரிச் சேலைன் போலத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, குழாய் வழியாகக் கார்புரேற்றருக்குள் இறக்கிக்கொண்டு நின்றார். நான் காலைப் பெடலில் வைத்து வேகம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். இரண்டாம் போத்தல் பாதியாகும்போது ஒழுங்கையால் போன ஒருவர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "பெற்றோல் மணக்குது, எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்டார். அண்ணை கையை இறக்காமலே, "இது எஞ்சினுக்கு மருந்து" என்றார். போத்தல் காலியானதும் குழாயைக் கழற்றி மண்ணெண்ணெய்க் கேனில் மாட்டினோம். சத்தம் உடனே மாறியது.