எஸ்விஎன்ல இருந்து கிட்டுக்கு மாறப் போறம், பழைய ஹிஸ்டரியோட எப்பிடிக் கொண்டு போற?

கல்லடிப் பெடியன்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க நாலு பேர் கல்லடியில நெல் ஆலைகளுக்கு பில் போடுற சொஃப்ட்வெயார் செய்யிறம், 2011ல இருந்து கோட் முழுக்க எஸ்விஎன்லதான் (கோட்ல ஆர் எப்ப என்ன மாத்தினது எண்ட ஹிஸ்டரிய வைச்சிருக்கிற புரோகிராம்), இப்ப அதே வேலை செய்யிற கிட்டுக்கு மாறுவம் எண்டு முடிவெடுத்து, ஹிஸ்டரியோட கொப்பி பண்ணுற கிட் எஸ்விஎன் குளோன் கொமாண்ட் போட்டன், இரவிரவா ஓடி விடியப்பக்கம் லைன் அறுந்து நிண்டிட்டு. கூட இருக்கிறவர் ஹிஸ்டரிய விட்டுட்டு கடைசிக் கோட மட்டும் போடு எண்டுறார். எனக்கு மனமில்ல. ஈர நெல்லுக்கு மூடைக்கு எவ்வளவு கழிக்கிற எண்ட கணக்க எழுதின அண்ணன் இப்ப வெளிநாட்டில, ஏன் அப்பிடி எழுதினவர் எண்டது கொமிட் மெசேஜ்ல, அதாவது மாற்றத்தப் பதியேக்க எழுதுற குறிப்பில மட்டும்தான் கிடக்கு.

கல்முனை நானா:
தம்பி ஹிஸ்டரிய விட்டுராதீங்க. நிண்ட குளோன முதல்ல இருந்து தொடங்கத் தேவல்ல, அந்த ஃபோல்டருக்குள்ளயே கிட் எஸ்விஎன் ஃபெட்ச் அடிச்சா விட்ட இடத்தில இருந்து புடிக்கும். ஆனா ஒவ்வொரு ரிவிசனா, அதாவது பதிஞ்ச ஒவ்வொரு மாற்றமா கேட்டு வாங்குறதால நெட்டில சுணங்கும், சேர்வர்ல எஸ்விஎன்அட்மின் டம்ப் (ஹிஸ்டரியோட முழு நகல்) எடுத்து உங்கட மெசின்ல லோட் பண்ணி அதுல இருந்து குளோன் பண்ணுங்க. அதுக்கு முதல் ஓதர்ஸ் ஃபைல் எழுதணும், எஸ்விஎன்ல வெறும் யூசர்நேம்தான் இருக்கும், கிட்டுக்கு பேரும் ஈமெயிலும் வேணும். ஒரு ஆள் விடுபட்டாலும் அந்த இடத்தில நிண்டிரும். டம்ப் எடுத்த பிறகு ஒருத்தரும் எஸ்விஎன்ல கொமிட் பண்ணாம பூட்டி வைங்க.

வந்தாறுமூலை:
டேக் (ஒரு வெர்சனுக்குப் போட்ட அடையாளப் பேர்) எல்லாம் பிராஞ்ச் (கோட்ட தனிக் கிளை) மாதிரித்தான் வந்து நிற்கும், அத கையால உண்மையான டேக்கா மாத்தோணும். வெறும் ஃபோல்டர கிட் வைச்சிருக்காது, அதையும் பாருங்க, எங்கட புரோகிராம் பதிவுகள் எழுதுற லொக் ஃபோல்டர் இல்லாம எழும்பவே இல்ல, ரெண்டு நாள் தேடினம்.

கல்லடிப் பெடியன்:
நன்றி நானா. இன்னொரு கரைச்சல், ஆரோ 180 எம்பி டேட்டாபேஸ் பெக்கப்ப கொமிட் பண்ணி பிறகு அழிச்சிருக்காங்க.

கல்முனை நானா:
அழிச்சாலும் ஹிஸ்டரிக்குள்ள இருக்கும், கிட் கோட நெட்டில வைக்கிற கிட்ஹப் 100 எம்பிக்கு மேல ஒரு ஃபைலையும் எடுக்காது. டேக் மாத்தின பிறகு ஹிஸ்டரிய திருத்தி எழுதுற கிட் ஃபில்டர் ரிப்போவால அந்த ஃபைல மட்டும் கழட்டுங்க. கொமிட் நம்பர் எல்லாம் மாறும், அதால மத்தவங்களுக்குக் குடுக்க முதலே செஞ்சு முடிங்க.

கல்லடிப் பெடியன்:
டம்ப் எடுத்திட்டன், வெள்ளி பின்னேரம் ஓட விடப் போறன். ஓதர்ஸ் ஃபைலுக்கு ஏழு பேர், அண்ணன்ட ஈமெயில அவரிட்டயே கேட்டு எழுதிட்டன்.