சிறைக்குப் பதில் நன்னடத்தைக் கண்காணிப்பு: தப்பித்ததாக அர்த்தமா?

கேள்வி: முதல் குற்றம் என்பதால் தம்பியைச் சிறைக்கு அனுப்பாமல் ஓராண்டு கண்காணிப்பில் விட்டிருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் ‘தப்பித்தான்’ என்கிறார்கள். அப்படித்தானா?

பதில் 1: அப்படி நினைப்பதுதான் ஆபத்து. நானும் இரண்டு வருடம் இப்படிக் கண்காணிப்பில் இருந்தவன். குறித்த நாளில் அதிகாரியைப் பார்க்க வேண்டும், வீடு மாறினால் முன்பே சொல்ல வேண்டும். ஒருமுறை பேருந்தை விட்டுவிட்டு நாற்பது நிமிடம் தாமதமாகப் போனேன். அன்று வியர்த்த வியர்வை! ஆனால் வேலை போகவில்லை, மகளின் படிப்பு நிற்கவில்லை. உள்ளே போயிருந்தால் இரண்டும் போயிருக்கும்.

பதில் 2: இதற்கு வழிகாட்டியவர் ஒரு செருப்புத் தொழிலாளி தெரியுமா? 1841-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஜான் அகஸ்டஸ் என்ற அந்தத் தொழிலாளி ஒரு குடிகாரரை ஜாமீனில் எடுத்தார். மூன்று வாரம் கழித்து அந்தக் குடிகாரர் ஆளே மாறி நீதிமன்றத்தில் வந்து நின்றார். நீதிபதி விதித்த அபராதம் ஒரு சென்ட், கூடவே வழக்குச் செலவு.

கேட்டவர்: சரி, நிபந்தனையை மீறினால் நேரே சிறைதானா?

பதில் 1: கட்டாயமில்லை. சிறைக்குப் பதிலான நடவடிக்கைகள் பற்றி 1990-ல் ஐ.நா. ஏற்ற டோக்கியோ விதிகள், மீறியதற்காகத் தானாகவே சிறைக்கு அனுப்பக் கூடாது என்கின்றன. ஆனாலும் முடிவு நீதிமன்றத்தின் கையில். அதனால் தேதிகளை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். அப்புறம், முதல் பேருந்திலேயே கிளம்பச் சொல்லுங்கள்.