மலைநடைக்கும் வீட்டுக்கும் ஒரே கைத்துப்பாக்கி: எந்தத் தோட்டா?

செல்வம் (கேள்வி):
வணக்கம். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பொஸ்மன் நகரில் வசிக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. கோடையில் நானும் மனைவியும் கேலட்டின் மலைப் பாதைகளிலும், அவ்வப்போது யெல்லோஸ்டோன் பூங்காவிலும் நடப்பது வழக்கம். அங்கே கிரிஸ்லி கரடிகள் உண்டு. வீட்டுப் பாதுகாப்புக்கும் அதே கைத்துப்பாக்கியையே வைத்துக்கொள்ள விரும்புகிறேன்; இரண்டை வாங்கி இரண்டிலும் பயிற்சி பெற வசதியில்லை. 9 மி.மீ., .357 மேக்னம், 10 மி.மீ. ஆட்டோ, .44 மேக்னம் ஆகிய தோட்டா வகைகளுள் எது பொருந்தும்? .44 தவிர வேறெதுவும் கரடிக்குப் போதாது என்கிறார் கடைக்காரர். அதன் பின்னுதைப்பை என் மனைவி தாங்குவாரா என்பதே என் கவலை.

வேலவன்:
1955இல் வந்த .44 மேக்னத்தின் வலிமையில் ஐயமில்லை. அதன் 240 கிரெய்ன் (ஏறத்தாழ 15.5 கிராம்) எடையுள்ள குண்டு ஏறத்தாழ 1,300 ஜூல் ஆற்றலோடு புறப்படும். சாதாரண 9 மி.மீ. குண்டுக்கு அது 500 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும், பாய்ந்து வரும் கரடியை மோதலின் வேகத்தால் மட்டுமே வீழ்த்துவதில்லை. மூளையையோ முதுகுத்தண்டையோ எட்டினால்தான் அது அந்த நொடியிலேயே விழும். தடித்த தசையையும் எலும்பையும் கடந்து அவ்வளவு ஆழம் செல்ல, விரிவடையாத, தட்டை மூக்குள்ள கடின ஈயக் குண்டு வேண்டும். வீட்டிலோ நிலைமை நேர் எதிர்: தாக்க வந்தவரின் உடலையும் சுவரையும் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குச் செல்லும் குண்டு உங்கள் குடும்பத்துக்கே ஆபத்து என்பதால், மூக்கில் குழி இருப்பதால் உடலுக்குள் விரிந்து வேகமிழக்கும் ஹாலோ பாயின்ட் வகையே அங்கு ஏற்றது. எனவே இரு வகைக் குண்டுகளையும் வாங்கி, இரண்டும் உங்கள் துப்பாக்கியில் தடையின்றி ஓடுகின்றனவா என்று சுட்டுப் பார்ப்பது கட்டாயம். செம்பு உறையில்லா ஈயக் குண்டு உங்கள் துப்பாக்கியின் குழலுக்கு ஏற்றதா என்பதையும் உற்பத்தியாளரின் கையேட்டில் பாருங்கள்.

என் தேர்வு 10 மி.மீ. 1983இல் அறிமுகமான இதன் முழு வலிமைத் தோட்டா, 200 கிரெய்ன் குண்டை 850 ஜூல் அளவில் செலுத்தும். இதைச் சுடும் கிளாக் 20 பிஸ்டலில் 15 தோட்டாக்கள் கொள்ளும். 1986இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டைக்குப் பின் எஃப்பிஐ இதை ஏற்றபோது, வேகத்தைக் குறைத்த மிதமான தோட்டாவையே பயன்படுத்தியது. அத்தகைய மிதமான வகை இன்றும் கடைகளில் கிடைக்கிறது. வீட்டுக்கும் உங்கள் மனைவியின் பயிற்சிக்கும் நல்லது, கரடிக்குப் போதாது. பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்குங்கள்.

தேவகி:
வேலவன் சொல்வதில் குண்டைப் பற்றிய பகுதியை முழுமையாக ஏற்கிறேன். துப்பாக்கியைப் பற்றியதை ஏற்க இயலவில்லை. கரடி மேலே விழுந்தபின் அதன் உடலோடு அழுத்திச் சுட நேர்ந்தால், பிஸ்டலின் ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம்) சற்றே பின்தள்ளப்பட்டாலும் சுடாமல் போகலாம். ரிவால்வருக்கு அந்தக் குறை இல்லை. .357 மேக்னம் ரிவால்வரில் .38 ஸ்பெஷல் தோட்டாவையும் போடலாம் என்பதால், உங்கள் மனைவி மெல்லிய பின்னுதைப்போடு பழகிக்கொண்டு, காட்டுக்கு மட்டும் 158 அல்லது 180 கிரெய்ன் மேக்னத்துக்கு மாறலாம். மூடிய அறையில் மேக்னத்தின் ஓசை செவியைக் கெடுக்கும், வீட்டில் .38 போதும். ஆறோ ஏழோ தோட்டாக்கள்தாம் உண்டு என்பது உண்மையான குறை. ஆயினும் நெருக்கத்தில் பாயும் கரடிக்கு முன் அதற்கு மேல் சுட நேரம் கிடைப்பது அரிது.

இரகு:
இருவரும் விட்டுவிட்ட ஒன்று: கரடி ஸ்பிரே, அதாவது கரடியின் முகத்தில் மிளகாய்க் காரத்தைப் பீய்ச்சும் குப்பி. 2008இல் டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ முதலியோர் வெளியிட்ட ஆய்வில், அலாஸ்காவில் கரடிகள் மீது ஸ்பிரே பயன்படுத்திய 72 நிகழ்வுகளில் சம்பந்தப்பட்டோரில் 98 விழுக்காட்டினர் காயமின்றித் தப்பினர். 2012இல் வந்த அவர்களுடைய துப்பாக்கி ஆய்வில் கைத்துப்பாக்கிகள் 84 விழுக்காடு வெற்றி பெற்றன. நீள்குழல் துப்பாக்கிகள் 76. இரண்டையும் நேராக ஒப்பிட்டுவிட முடியாது. நிகழ்வுகளின் தன்மை வேறு. இருப்பினும் ஸ்பிரேயை நெஞ்சுப் பட்டையிலும் துப்பாக்கியை இடுப்பிலும் வைப்பதே என் அறிவுரை.

9 மி.மீ. ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்க வேண்டாம். 2016இல் அலாஸ்கா வழிகாட்டி ஒருவர், மீன்பிடிக்க அழைத்துச் சென்றோரைத் தாக்க வந்த பழுப்புக் கரடியைக் கடின ஈயக் குண்டுள்ள 9 மி.மீ. பிஸ்டலாலேயே கொன்றார். அது பல்லாண்டு அனுபவம் உள்ளவர் கை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். வாங்குமுன் வாடகைத் துப்பாக்கி தரும் சுடுதளத்துக்கு இருவருமே சென்று, விரைவாக அடுத்தடுத்துச் சுட்டுப் பாருங்கள். இரண்டாவது குண்டும் குறியில் படும் அளவுக்கு உங்கள் இருவராலும் கட்டுப்படுத்த முடிகிற மிக வலிய தோட்டா எதுவோ, அதையே வாங்குங்கள்.

சட்டத்திலும் கவனம் தேவை. உங்கள் மனைவி எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற விலக்கு இல்லாமல் அவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. சுடுதளத்துக்கு அழைத்துச் செல்லுமுன் இதை ஒரு வழக்கறிஞரிடம் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.