ஓடாத பழைய அறுவடை வண்டியைத் தொண்டியிலிருந்து பரமக்குடிக்கு ஏற்றிச் செல்வது எப்படி?

வயல்வரப்பு:
தொண்டிக்குத் தெற்கே கடற்கரைச் சாலையை ஒட்டிய புஞ்சையில் பழைய நெல் அறுவடை டயர் வண்டி ஒன்று பல வருஷமாக நிற்கிறது. இன்ஜின் சுற்றவில்லை. முன்னால் பயிரை அறுக்கும் 14 அடி கட்டர் பாரைக் கழற்றினால் எடை 7 டன் வரும். முன்சக்கரம் இரண்டையும் சேர்த்து வெளிப்புற அகலம் 2.9 மீட்டர். ராமநாதபுரம் வழியாகப் பரமக்குடி பட்டறைக்குப் போக வேண்டும். டிராக்டர் டிரெய்லர் போதுமா? உப்புக்காற்றில் அடிச்சட்டம் அரித்திருக்கிறது, சங்கிலியை எதில் மாட்டுவது?

லோபெட்_பாரம்:
தம்பி, டிராக்டர் டிரெய்லர் வேண்டவே வேண்டாம். பெரும்பாலானவற்றில் பிரேக் கிடையாது. 7 டன் பின்னாலிருந்து தள்ளும்போது டிராக்டரால் நிறுத்த முடியாது, குறுக்கே மடங்கிவிடும். லோ பெட், அதாவது தளம் தாழ்ந்த பார லாரிதான் சரி.

ஏற்றும் முன் பிரேக் டிரம்மைத் திறந்து ஒட்டிப்போன ஷூவை விடுவியுங்கள். கியர் நியூட்ரலுக்கு வராவிட்டால் இரண்டு பக்க டிரைவ் ஷாஃப்டையும் கழற்றுங்கள். அதற்குப் பிறகு வண்டிக்குப் பிரேக்கே இல்லை என்று வைத்துத்தான் வேலை செய்ய வேண்டும். டயரில் முழுக் காற்று அடியுங்கள். காற்றில்லாத டயர் வழியில் அசைந்தசைந்து சங்கிலியைத் தளர்த்திவிடும்.

தளம் 0.9 மீட்டர் உயரம் என்றால் சாய்வுப் பலகை 4.5 மீட்டராவது நீளம் வேண்டும். அந்தச் சரிவில் இழுக்க 1.4 டன் விசை, உருளும் தடையையும் சேர்த்தால் 1.8 டன் பக்கம் வரும். 5 டன் வின்ச் (கம்பி வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவி) வைத்தால் கை நடுங்காமல் இழுக்கலாம். அங்கே மண் மணற்பாங்கு, ஆகவே பலகையின் காலுக்கு அடியில் பனஞ்சட்டம் பரப்புங்கள். லோ பெட்டின் வாலுக்கு முட்டுக் கொடுக்க மறக்க வேண்டாம்; பாரம் வாலில் ஏறும்போது முன்பக்கம் தூக்கும்.

இந்த வண்டிக்குத் திரும்புவது பின்சக்கரம். இன்ஜின் ஓடாமல் ஸ்டியரிங் கல்லாக இருக்கும், பின்பக்கம் பலகையை விட்டு விலகும். அரை மீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி, நேர் பார்த்து, சக்கரத்துக்குப் பின்னால் கட்டை வையுங்கள். சீமைக் கருவேலங்கட்டை நன்றாகத் தாங்கும். கம்பி வடத்தின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது.

பட்டறை_ராம்நாடு:
துரு விஷயத்துக்கு வருகிறேன், இங்கே அதுதான் முதல் விஷயம். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் உலோகம் இருக்கிறது. மொத்தென்றாலோ செதில் உதிர்ந்தாலோ அந்த இடத்தை நம்பாதீர்கள். முன் ஆக்சில் உறை, பின் ஆக்சில் பீம் இரண்டும் கனமான பாகங்கள், அவற்றில்தான் சங்கிலி போட வேண்டும். தகடு, ஏணி, டை ராடு (சக்கரத்தைத் திருப்பும் கம்பி), ஹைட்ராலிக் குழாய், கட்டர் பார் மாட்டும் கொக்கி எதிலும் வேண்டாம்.

முன்னோக்கிச் சரியாமல் தடுக்க எடையில் 0.8 பங்கு, அதாவது 5.6 டன் தாங்க வேண்டும். பின்னுக்கும் பக்கத்துக்கும் 0.5 பங்கு, 3.5 டன். 10 மி.மீ. கிரேடு 80 (கிரேடு என்பது உருக்கின் வலுத்தரம்) கட்டுச் சங்கிலியின் பிடிப்பு 6.3 டன். மேலிருந்தும் பக்கவாட்டிலும் 45 டிகிரியில் இழுத்தால் அதில் பாதிதான் முன்னோக்கு விசையைத் தடுக்க உதவும், 3.15 டன்; இரண்டு சேர்ந்தால் 5.6 டன்னுக்குப் போதும். ஆக முன்னே இரண்டு, பின்னே இரண்டு, நான்கும் தனித்தனிச் சங்கிலி. கிரேடு முத்திரை இல்லாத பழைய சங்கிலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வயல்வரப்பு:
நன்றி அண்ணே. நைலான் பெல்ட் இருக்கிறது, சங்கிலிக்குப் பதிலாகப் போடலாமா?

பட்டறை_ராம்நாடு:
வண்டிக்கு வேண்டாம், துருவேறிய விளிம்பு பெல்ட்டை அறுத்துவிடும். கட்டர் பாருக்குப் போடலாம். அதைத் தனியாக, நீளவாக்கில் ஏற்றி, கத்திமேல் பிளந்த ரப்பர் குழாயை மாட்டுங்கள்.

கடலோரச்சாலை:
அகலம் 2.6 மீட்டரைத் தாண்டுவதால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். புகைக்குழாய், மேற்கூரை, தானியத் தொட்டியின் மேல்தகடு மூன்றையும் கழற்றி, ஏற்றிய பிறகு மொத்த உயரத்தை அளக்க வேண்டும். ஊர்களுக்குள் மின்கம்பி தாழ்ந்து தொங்கும் இடங்களை ஒருநாள் முன்னதாகவே பார்த்து, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லுங்கள். கம்பால் கம்பியைத் தூக்கிவிடும் வேலையே கூடாது.

பாட்டரி, டீசல், உள்ளே தங்கிய வைக்கோல் எல்லாம் வெளியே வர வேண்டும். ஆடும் தகடுகளைக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். கச்சான் (மேற்குப் பக்கக் காற்று) வேகமாக அடிக்கிற பகலில் திறந்தவெளிச் சாலையில் இவ்வளவு உயரமான பாரம் ஆடும். விடிந்ததும் கிளம்பினால் காற்று ஏறுவதற்குள் ராமநாதபுரம் தாண்டலாம். லோ பெட்டின் வயிறு வேகத்தடையிலும் ரயில்வே கேட்டிலும் தட்டும், இறங்கிப் பார்த்தே கடக்க வேண்டும்.

முதல் 10 கிலோமீட்டரில் நிறுத்தி நான்கு சங்கிலியையும் இறுக்குங்கள். கட்டையும் டயரும் அமர்ந்து தளர்வது அங்கேதான் தெரியும். தேவிபட்டினத்திலும் ராமநாதபுரத்திலும் மறுபடி பாருங்கள்.