படத்தில் வராத பாட்டாகக் கொஞ்சம் சொல்லுங்கள்

பாம்பனில் இருந்து எழுதுகிறேன். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில். அப்பாவும் இன்னும் நாலு பேரும் வேப்பமரத்தடியில் வலை பின்னுகிறார்கள். ஸ்பீக்கரில் பாட்டு போடுவது என் பொறுப்பு.

போன வாரம் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் போட்டேன். 2018-இல் சென்னையில் முதல் மேடை ஏறிய குழு. கானாவும் ராப்பும் கலந்து அடிப்பார்கள். அப்பா ஊசியை நிறுத்திவிட்டு, "இது எந்தப் படம்டா?" என்றார். படம் இல்லப்பா என்றேன். "படம் இல்லாம எதுக்குப் பாட்டு?" ஆனால் பறை அடி வந்ததும் அவர் கால் கட்டைவிரல், வலையை இழுத்துப் பிடித்திருந்த அதே விரல், தாளம் போட்டது. நான் பார்த்துவிட்டேன்.

அதிலிருந்து தேடிக்கொண்டே இருக்கிறேன். யூடியூப் என்னடாவென்றால் சுற்றிச் சுற்றி அதே பத்துப் பாட்டைத்தான் காட்டுகிறது. பாடுகிறவர்களே பாட்டை ஏற்றி விற்கும் பேண்ட்கேம்பில் 'தமிழ்' என்று தேடினேன். ஆனால் எதில் ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீங்கள் எப்படிப் புதுக் குழுக்களைக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இலங்கைத் தமிழ்ப் பாட்டு இருந்தால் இன்னும் நல்லது. தனுஷ்கோடி போனால் போனில் அந்தக் கரை சிக்னலே வந்துவிடுகிறது, பாட்டு மட்டும் வரமாட்டேன் என்கிறது.

எட்டுப் பத்துப் பாட்டு போதும். கடலில் சிக்னல் கிடைக்காது, அதனால் டவுன்லோடு செய்ய முடிந்ததாக இருக்கட்டும். அப்புறம், கெட்ட வார்த்தை வேண்டாம், பெரியப்பாவும் கூட உட்கார்ந்திருப்பார். ஜூன் 14-க்குள் சொன்னால் புண்ணியமாகப் போகும்.