ரென் நகர மன்றக் கட்டடம்: படங்களும் வழிகாட்டலும் தேவை

அன்பர்களுக்கு வணக்கம். 1720 டிசம்பரில் பிரான்சின் ரென் நகரில் பல நாள் எரிந்த தீ, மரச்சட்ட வீடுகள் நெருங்கி நின்ற நடுப்பகுதியைச் சாம்பலாக்கியபின், கட்டடக் கலைஞர் ழாக் கபிரியேல் வடிவமைக்க 1743இல் நிறைவுற்ற நகர மன்றக் கட்டடத்தைப் பற்றிக் கட்டுரை ஒன்று எழுதி வருகிறேன். இரு சிறகுகளுக்கும் நடுவே, மணிக்கூண்டின் அடியில், உள்வாங்கி வளைந்த சுவரில் பெரிய மாடம் ஒன்று வெறுமையாக நிற்கிறது. அங்கிருந்த சிற்பத்தை 1932இல் பிரெத்தோன் தேசியவாதிகள் (ரென் அமைந்துள்ள பிரெத்தாஞ் பகுதிக்குத் தன்னாட்சி கோரியவர்கள்) வெடிவைத்துத் தகர்த்தனர். அந்தக் காலி மாடம்தான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

ரென்னில் வசிப்பவர்களோ சென்றுவந்தவர்களோ அந்த மாடத்தை அருகிலிருந்து எடுத்த படங்கள் வைத்திருந்தால் பகிருமாறு கேட்டுக்கொள்கிறேன். மறுகட்டுமான வரைபடங்களை ஆவணக் காப்பகத்தில் பார்வையிட வெளிநாட்டவர் எவ்வாறு விண்ணப்பிப்பது என்பதை அறிந்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.